வெளிச்சத்தை மருந்தாக்கிய டாக்டர்: புற்றுநோய் 'ஒளி சிகிச்சை'க்கு முன்னோடியான நீல்ஸ் ஃபின்சென் யார்?

நோயாளியின் உடம்பில் ஒரு மருந்தை ஏற்றுகிறார்கள். அது பாட்டுக்கு சும்மா கிடக்கிறது. இரண்டு நாள் கழித்து, கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் சிவப்பு லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். அந்த இடத்தில் மருந்து விழித்துக்கொண்டு புற்றுநோய் செல்களைக் கொல்கிறது. ஒளி படாத இடத்தில் அதே மருந்து பெரிதாக எதுவும் செய்வதில்லை.

இதற்குப் பெயர் ஃபோட்டோடைனமிக் தெரபி. தமிழில் ஒளி இயக்க சிகிச்சை என்கிறார்கள். தோல், உணவுக்குழாய், மூச்சுக்குழாய் போன்ற இடங்களில் வரும் சில வகைப் புற்றுநோய்களுக்கும், புற்றுநோயாக மாறக்கூடிய சில தோல் பாதிப்புகளுக்கும் பல நாடுகளில் இது பயன்பாட்டில் இருக்கிறது.

கேட்பதற்கு நேற்று வந்த தொழில்நுட்பம் மாதிரி இருக்கும். ஆனால், வெளிச்சத்தை அளந்து, குவித்து, நோய் உள்ள இடத்தில் மட்டும் பாய்ச்சிக் குணப்படுத்தலாம் என்பதை 130 வருஷத்துக்கு முன்பே செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் நீல்ஸ் ரைபெர்க் ஃபின்சென். 1903-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர். அடுத்த வருஷமே, 43 வயதில் இறந்துபோனவர்.

அவர் குணப்படுத்தியது புற்றுநோயை அல்ல, முகத்தைத் தின்னும் ஒரு வகைக் காசநோயை. அது ஏன் குணமானது என்பதற்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். அவர் இறந்து 100 வருஷம் கழித்துத்தான் உண்மையான காரணம் வேறாக இருக்கலாம் என்று தெரியவந்தது. அந்தக் காரணம்தான் அவருடைய கதையை இன்றைய புற்றுநோய் சிகிச்சையோடு இணைக்கிறது.

வெயிலுக்கு ஏங்கிய ஊரில் பிறந்தவர்

ராஜபாளையம், செட்டியார்பட்டி பக்கம் சித்திரை வெயிலில் நடந்து பழகியவர்களுக்கு, வெயில் வேண்டும் என்று ஒருவர் ஏங்குவது விநோதமாகத் தெரியலாம். ஃபின்சென் பிறந்த ஊர் அப்படிப்பட்டது இல்லை.

1860 டிசம்பர் 15 அன்று, வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபேரோ தீவுகளின் டோர்ஷவ்ன் நகரில் அவர் பிறந்தார். டென்மார்க் ஆட்சிக்கு உட்பட்ட தீவுக்கூட்டம் அது. அங்கே டிசம்பர் மாதத்தில் ஒரு நாளில் சுமார் 5 மணி நேரம்தான் பகல். அந்த நேரத்திலும் பெரும்பாலும் மேகமும் மழையும்தான்.

அப்பா ஹன்னஸ் ஃபின்சென், ஐஸ்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்த அரசு அதிகாரி. நீல்ஸுக்கு 4 வயதாகும்போது அம்மா இறந்துவிட்டார். அப்பா மறுமணம் செய்துகொண்டார்.

படிப்பில் ஃபின்சென் சுட்டி என்று யாரும் சொன்னதில்லை. டென்மார்க்கில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். நல்ல மனசு உள்ள பையன், ஆனால் திறமையும் சுறுசுறுப்பும் குறைவு என்பதுதான் அங்கே தலைமை ஆசிரியர் கொடுத்த மதிப்பீடு. அதன்பிறகு ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகருக்கு அனுப்பினார்கள். அங்கே பள்ளிப் படிப்பை முடித்தபோது, வகுப்பில் இருந்த 15 பேரில் அவருக்கு 11-வது இடம்.

1882-ல் மருத்துவம் படிக்க கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1890-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது. அதே பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பிரிவில் வேலையும் கிடைத்தது.

தன் உடம்பே முதல் கேள்வி

படிக்கிற காலத்திலேயே அவருக்கு உடம்பு சரியில்லாமல் போக ஆரம்பித்தது. இதயம், கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றைச் சுற்றியுள்ள சவ்வுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து, அந்த உறுப்புகளைச் சரியாக இயங்க விடாமல் செய்கிற நோய் அது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். ஊசி போட்டு அந்த நீரை எடுப்பார்கள். மறுபடியும் சேரும். வாழ்க்கையின் கடைசி வருஷங்களை அவர் சக்கர நாற்காலியில்தான் கழித்தார்.

கோபன்ஹேகனில் அவர் தங்கியிருந்த வீடு வடக்கு பார்த்தது. வெயில் உள்ளே வராது. ரத்தசோகையும் சோர்வும் வாட்டிய அந்த நாட்களில், வெயிலில் போய் நின்றால் உடம்பு கொஞ்சம் தேறுவதாக அவருக்குத் தோன்றியது. வெயிலில் படுத்திருக்கும் பூனை, நிழல் நகர நகரத் தானும் வெயிலுக்கு இடம் மாறிக்கொண்டே இருப்பதை அவர் கவனித்ததாகவும் அவரைப் பற்றிய பல பதிவுகளில் வருகிறது.

வெயில் உடம்புக்கு நல்லது என்று பாட்டி வைத்தியத்திலும் சொல்வார்கள். ஃபின்சென் அதோடு நிற்கவில்லை. நல்லது என்றால் ஒளியின் எந்தப் பகுதி நல்லது? சிவப்பா, நீலமா, ஊதாவா? எவ்வளவு நேரம்? எவ்வளவு ஆழத்துக்குப் போகும்? இந்தக் கேள்விகளுக்கு ஆய்வுக்கூடத்தில் பதில் தேட ஆரம்பித்தார். 1893-ல் இதற்காகவே பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டார். முந்தைய வருஷம்தான் இங்கெபோர்க் பால்ஸ்லெவ் என்பவரோடு அவருக்குத் திருமணம் ஆகியிருந்தது. மருத்துவ மாணவர்களுக்கு டியூஷன் எடுத்துத்தான் குடும்பம் ஓடியது.

முதலில் அவர் சொன்ன யோசனை பெரியம்மை பற்றியது. நீலம், ஊதா கதிர்கள் தோலைப் பாதிக்கின்றன, அவற்றைத் தடுத்துவிட்டு சிவப்பு ஒளி மட்டும் உள்ள அறையில் நோயாளியை வைத்தால் தழும்பு குறையும் என்றார். அப்போது சிலர் இதைச் செய்து பார்த்துப் பலன் இருப்பதாகச் சொன்னார்கள். பின்னால் வந்த மருத்துவம் அதை ஏற்கவில்லை. ஆனால், ஒளியில் ஒவ்வொரு நிறமும் உடம்பில் ஒவ்வொரு வேலை செய்யும் என்கிற எண்ணம் அவருக்கு அங்கேதான் உறுதியானது.

முகத்தைத் தின்ற 'ஓநாய்'

அந்தக் காலத்து ஐரோப்பாவில் லூபஸ் வல்காரிஸ் என்றொரு நோய் இருந்தது. காசநோய்க் கிருமி தோலைத் தாக்குவதால் வருவது. பெரும்பாலும் முகத்தில் வரும். மூக்கு, கன்னம், உதடு, காது என்று கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே போகும். 'லூபஸ்' என்றால் லத்தீனில் ஓநாய். ஓநாய் கடித்துக் குதறியது போல இருந்ததால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். இன்று 'லூபஸ்' என்று பரவலாகப் பேசப்படும், உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் நோய் வேறு. இது வேறு.

உயிரை உடனே எடுக்காத நோய் இது. ஆனால் முகம் சிதைந்தவரை யார் வேலைக்கு வைப்பார்கள்? யார் பக்கத்தில் உட்காருவார்கள்? பலர் வீட்டுக்குள்ளேயே முடங்கினார்கள். சுரண்டி எடுப்பது, சூடு வைப்பது, அறுத்து எடுப்பது என்பவைதான் அப்போது இருந்த சிகிச்சைகள். நோய் திரும்பத் திரும்ப வந்தது.

காசநோய்க்குக் காரணமான கிருமியை 1882-ல் ராபர்ட் கோக் கண்டுபிடித்திருந்தார். வெளிச்சம் பாக்டீரியாவைக் கொல்லும் என்பதை 1877-லேயே இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளண்ட் என்ற இருவர் காட்டியிருந்தார்கள். இந்த இரண்டையும் ஃபின்சென் சேர்த்துப் பார்த்தார். கிருமி தோலில்தான் இருக்கிறது, வெளிச்சம் அதைக் கொல்லும் என்றால், வெளிச்சத்தையே குவித்து நோய் உள்ள தோலில் அடித்தால் என்ன?

1895 நவம்பரில் முதல் நோயாளி கிடைத்தார். கோபன்ஹேகன் மின் நிலையத்தில் வேலை பார்த்த என்ஜினீயர் நீல்ஸ் மோகென்சென். பல வருஷமாக முகத்தில் லூபஸோடு இருந்தவர். எந்த சிகிச்சையும் பலிக்கவில்லை. சிகிச்சைக்கு வேண்டிய கார்பன் ஆர்க் விளக்கும் மின்சாரமும் அந்த மின் நிலையத்திலேயே இருந்தன. தினமும் 2 மணி நேரம் முகத்தில் ஒளி பாய்ச்சினார்கள். சில மாதங்களில் புண் ஆற ஆரம்பித்தது.

ஜெர்மனியில் ரான்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்ததும் இதே 1895 நவம்பரில்தான். கதிர்களை வைத்து நோயைத் தாக்கும் மருத்துவத்தின் இரண்டு கிளைகள் ஒரே மாதத்தில் தொடங்கின என்று சொல்லலாம்.

ஃபின்சென் விளக்கு எப்படி வேலை செய்தது?

விளக்கைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே வைப்பது அவ்வளவு சுலபம் இல்லை. கார்பன் ஆர்க் விளக்கு பயங்கரமாகச் சூடாகும். தோல் வெந்துவிடும். அதனால், டெலஸ்கோப் மாதிரி நீளக் குழாய்களில் லென்சுகளை வைத்து, நடுவே தண்ணீரை நிரப்பினார். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஒளி மட்டும் குவிந்து வரும். ஒரு பெரிய விளக்கைச் சுற்றி நான்கு குழாய்கள். ஒரே நேரத்தில் நான்கு நோயாளிகள் படுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு தடையும் இருந்தது. அது ரத்தம். காது மடலின் ஒரு பக்கம் போட்டோ காகிதத்தை வைத்து, மறுபக்கம் நீல ஒளியை அடித்தால் காகிதம் கறுப்பதில்லை. காது மடலை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அழுத்தி, ரத்தத்தை வெளியேற்றிவிட்டு அடித்தால் காகிதம் கறுக்கிறது. அப்படியென்றால் ரத்தம்தான் ஒளியை உறிஞ்சி, உள்ளே போக விடாமல் தடுக்கிறது.

இதைக் கண்டுபிடித்ததும், குளிர்ந்த நீர் ஓடும் ஒரு லென்சை நோய் உள்ள தோலில் வைத்து அழுத்தும் முறையைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு நோயாளி பக்கத்திலும் ஒரு செவிலியர் உட்கார்ந்து, அந்த லென்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பார். ஒரு தடவைக்கு ஒரு சின்ன வட்டம்தான். முகம் முழுக்க முடிக்க மாதக்கணக்கில் ஆகும். ஒளிக்கு ஆழம் போதாது என்பது இன்றைய ஒளி இயக்க சிகிச்சைக்கும் இருக்கிற பிரச்னை. அதை முதலில் எதிர்கொண்டவர் இவர்தான்.

1896-ல் கோபன்ஹேகனில் ஃபின்சென் ஒளி மருத்துவ நிலையம் தொடங்கப்பட்டது. நன்கொடையாளர்களும் அரசும் உதவினார்கள். அடுத்த ஐந்து வருஷங்களில் 800-க்கும் மேற்பட்ட லூபஸ் நோயாளிகள் அங்கே சிகிச்சை பெற்றார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் குணமானார்கள், அல்லது நன்றாகத் தேறினார்கள். வெளிநாட்டு டாக்டர்கள் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். டென்மார்க் இளவரசியாகப் பிறந்து, பின்னாளில் பிரிட்டன் ராணியான அலெக்சாண்ட்ராவின் முயற்சியால் 1900-ல் லண்டன் மருத்துவமனைக்கும் ஃபின்சென் விளக்கு போனது.

நோபல் வந்தது, வாங்கப் போக முடியவில்லை

1903-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஃபின்செனுக்கு அறிவிக்கப்பட்டது. நோபல் வாங்கிய முதல் டென்மார்க்காரர் அவர்தான். அதற்குள் உடம்பு மிகவும் மோசமாகியிருந்தது. பரிசு வாங்க ஸ்டாக்ஹோம் போக முடியவில்லை. வழக்கமாகப் பரிசு பெறுபவர் ஆற்றும் உரையையும் அவரால் ஆற்ற முடியவில்லை. பரிசுப் பணத்தில் ஒரு பகுதியைத் தன் நிலையத்துக்கே கொடுத்துவிட்டார்.

கடைசிக் காலத்திலும் ஆராய்ச்சியை விடவில்லை. சாப்பிடும் சாப்பாடு, குடிக்கும் தண்ணீர், வெளியேறும் நீர் எல்லாவற்றையும் அளந்து எழுதி வைத்தார். உப்பைக் குறைத்தால் உடம்பில் நீர் கோப்பது குறைகிறது என்று தன் உடம்பை வைத்தே கவனித்தார். உடம்பில் உப்பு சேர்வது பற்றிய அவருடைய ஆய்வு 1904-ல் வெளியானது. அதே வருஷம் செப்டம்பர் 24 அன்று அவர் காலமானார்.

இதே காலத்தில் ஜெர்மனியில் நடந்தது என்ன?

ஃபின்சென் உயிரோடு இருக்கும்போதே, ஜெர்மனியின் மியூனிக் நகரில் வேறொரு சங்கதி நடந்துகொண்டிருந்தது. பேராசிரியர் ஹெர்மன் ஃபான் டப்பைனரிடம் படித்துவந்த ஆஸ்கார் ராப் என்ற மாணவர், அக்ரிடின் என்ற சாயப் பொருள் ஒற்றைச் செல் உயிரிகளை எவ்வளவு நேரத்தில் கொல்கிறது என்று சோதித்தார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை வந்தது. காரணம் தேடியபோதுதான், அறையில் எவ்வளவு வெளிச்சம் இருந்தது என்பதைப் பொறுத்து விடை மாறுவது புரிந்தது. சாயம் மட்டும் இருந்தால் சாவதில்லை. வெளிச்சம் மட்டும் இருந்தாலும் சாவதில்லை. இரண்டும் சேர்ந்தால் சாகின்றன. 1900-ல் இந்த ஆய்வு வெளியானது.

1903-ல், ஃபின்செனுக்கு நோபல் கிடைத்த அதே வருஷம், டப்பைனரும் தோல் மருத்துவர் யெசியோனெக்கும் ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தைத் தோல் கட்டிகளில் தடவி, ஒளி பாய்ச்சி சிகிச்சை செய்தார்கள். மூன்றாவதாக ஒரு பொருளும் தேவை என்பதை டப்பைனர் குழு அடுத்து நிரூபித்தது. அது ஆக்சிஜன். ஒளி, சாயம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து நடத்தும் இந்த வேலைக்கு ஃபோட்டோடைனமிக் என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

புற்றுநோய் செல் எப்படிச் சாகிறது?

இப்போது இதன் அறிவியலைப் பார்ப்போம். இந்த சிகிச்சையில் கொடுக்கப்படும் மருந்தை ஒளி உணர் மருந்து என்கிறார்கள். பல ஒளி உணர் மருந்துகள் போர்ஃபிரின் என்ற வகையைச் சேர்ந்தவை. நம் ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்ற பொருளும் இதே குடும்பம்தான்.

மருந்து உடம்பு முழுக்கப் போகும். ஆனால் பொதுவாக, ஆரோக்கியமான செல்களைவிடக் கட்டியில் அதிகமாகத் தங்கும், அதிக நேரம் தங்கும். அந்த வித்தியாசம் உருவாகும்வரை காத்திருந்து, பிறகு ஒளி பாய்ச்சுவார்கள். உணவுக்குழாய் என்றால் எண்டோஸ்கோப் வழியாக மெல்லிய ஒளியிழையை உள்ளே விடுவார்கள்.

ஒளி பட்டதும் மருந்தின் மூலக்கூறு அந்த ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. வாங்கியதைப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. சாதாரண ஆக்சிஜன், சிங்லெட் ஆக்சிஜன் என்ற ஆவேசமான வடிவத்துக்கு மாறுகிறது. அது செல்லின் சவ்வு, புரதம், ஆற்றல் தயாரிக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா என்று கையில் கிடைத்ததை எல்லாம் சிதைக்கிறது. செல் செத்துப்போகிறது.

இந்த சிங்லெட் ஆக்சிஜனுக்கு ஆயுள் ரொம்பக் குறைவு. ஒரு நொடியைப் பல லட்சமாகப் பிரித்தால் வரும் சிறு துளி நேரம்தான். அதற்குள் ஒரு செல்லின் அகலத்தைக்கூட அதனால் தாண்ட முடியாது. அதனால்தான் மருந்தும் ஒளியும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் மட்டும் சேதம் நடக்கிறது.

இது தவிர இன்னும் இரண்டு வழிகளில் கட்டி அடி வாங்குகிறது. கட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் குட்டி ரத்தக்குழாய்கள் அடைபடுகின்றன. சாப்பாடு இல்லாமல் கட்டி வாடுகிறது. செத்த செல்களைப் பார்த்து உடம்பின் எதிர்ப்பு சக்தியும் அந்த இடத்துக்கு வருகிறது.

இந்த மருந்து ஏறிய உடம்புக்கு வெயில் ஆகாது. 1912-ல் ஃப்ரெட்ரிக் மெயர் பெட்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர், ஹெமட்டோபோர்ஃபிரின் என்ற பொருளைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு வெயிலில் போனார். வெயில் பட்ட முகமும் கையும் கடுமையாக வீங்கிப்போயின. வாரக்கணக்கில் வெயிலே ஆகவில்லை. இன்றும் ஃபோட்டோஃப்ரின் மருந்து எடுத்துக்கொள்பவர்கள் குறைந்தது 30 நாளாவது நேரடி வெயிலைத் தவிர்க்கச் சொல்லப்படுவது இதனால்தான்.

1978-ல் அமெரிக்காவின் ராஸ்வெல் பார்க் புற்றுநோய் மையத்தில் தாமஸ் டோஹெர்ட்டி குழு, 25 நோயாளிகளின் 113 கட்டிகளுக்கு இந்த முறையில் சிகிச்சை அளித்தது. அதில் 111 கட்டிகள் முழுமையாகவோ ஓரளவோ கரைந்தன. 1993-ல் கனடா ஃபோட்டோஃப்ரினைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு அங்கீகரித்தது. 1995-ல் அமெரிக்கா உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அங்கீகரித்தது.

ஃபின்சென் தெரியாமலே செய்தது

சரி, ஃபின்சென் சாயம் எதுவும் கொடுக்கவில்லையே, வெறும் வெளிச்சத்தைத்தானே அடித்தார் என்று கேட்கலாம். அவரும் அப்படித்தான் நினைத்தார். நீலம், ஊதா, புற ஊதாக் கதிர்கள் கிருமியை நேரடியாகக் கொல்கின்றன என்பதுதான் அவருடைய விளக்கம்.

2005-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் சிலர், பழைய ஃபின்சென் விளக்குகளின் லென்ஸ் அமைப்புகளை எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். கிருமியை நேரடியாகக் கொல்லக்கூடிய, அலைநீளம் குறைந்த புற ஊதாக் கதிர்கள் அவற்றின் வழியாக வெளியே வரவே இல்லை. 340 நானோமீட்டருக்குக் கீழே உள்ள கதிர்களை அந்த அமைப்பே தடுத்துவிட்டது.

அப்புறம் எப்படி 800 பேருக்கும் மேல் சிகிச்சை பலித்தது? காசநோய்க் கிருமிக்குள்ளேயே போர்ஃபிரின் இருப்பதை அவர்கள் பார்த்தார்கள். அது 400 நானோமீட்டர் அளவில் உள்ள ஊதா ஒளியை நன்றாக உறிஞ்சும். அந்த ஒளி ஃபின்சென் விளக்கில் தாராளமாக வந்தது. எனவே ஒளியை வாங்கிய போர்ஃபிரின், ஆக்சிஜனை சிங்லெட் ஆக்சிஜனாக மாற்றி, கிருமியை உள்ளிருந்தே கொன்றிருக்க வேண்டும் என்பது அவர்களுடைய முடிவு.

அதாவது, மியூனிக்கில் சாயம் வைத்துச் செய்ததைத்தான் கோபன்ஹேகனில் ஃபின்சென் சாயம் இல்லாமல் செய்துகொண்டிருந்தார். ஒளி உணர் மருந்தைக் கிருமியே தனக்குள் வைத்திருந்தது. கிட்டத்தட்ட இதே வழியில்தான் இன்று தோலில் தடவும் அமினோலெவுலினிக் அமிலம் என்ற மருந்தும் வேலை செய்கிறது. அது நேரடியாக ஒளி உணர் மருந்து இல்லை. அதை வாங்கிக்கொள்ளும் செல், தனக்குள் தானே போர்ஃபிரினைத் தயாரித்துக்கொள்கிறது. அதன்மேல் ஒளி படுகிறது.

நம்ம ஊர் கார்போகரிசி

மருந்தும் வெயிலும் சேர்ந்தால் பலன் உண்டு என்கிற அனுபவ அறிவு நம்ம ஊரிலும் இருந்தது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நாட்டு மருந்துக் கடைகளில் கார்போகரிசி என்று கேட்டால் கறுப்பாகச் சின்ன விதையை எடுத்துக் கொடுப்பார்கள். குளியல் பொடியில் சேர்ப்பது பலருக்கும் தெரியும். வெண்புள்ளிக்கு இதைப் பூசி வெயிலில் காட்டுவது சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் பழைய வழக்கம்.

இந்த விதையில் இருக்கும் சோரலென் என்ற பொருளை 1933-ல் இந்திய வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தார்கள். 1970களில் சோரலெனோடு புற ஊதா ஒளியைச் சேர்க்கும் சிகிச்சை சோரியாசிஸுக்கு வந்தது. 1988-ல், தோலைத் தாக்கும் ஒரு வகை ரத்த அணுப் புற்றுநோய்க்கு, சோரலென் கொடுத்து, ரத்தத்தை வெளியே எடுத்து, ஒளி காட்டி, திரும்ப உடம்பில் ஏற்றும் முறையை அமெரிக்கா அங்கீகரித்தது. சோரலென் வேலை செய்யும் விதம் கொஞ்சம் வேறு. அது ஒளி பட்டதும் செல்லின் டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் முயற்சி செய்யக் கூடாது. கார்போகரிசியைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்று தோல் கொப்பளித்துப் போக வாய்ப்பு உண்டு. ஒளியின் அளவும் நேரமும் டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை.

ஒளி சிகிச்சையின் எல்லை என்ன?

ஒளி இயக்க சிகிச்சை எல்லாப் புற்றுநோய்க்கும் உதவாது. சிவப்பு ஒளிகூட உடம்புக்குள் சுமார் 1 சென்டிமீட்டர் ஆழம் வரைதான் பலனோடு போகும். பெரிய கட்டி, ஆழத்தில் இருக்கும் கட்டி, உடம்பு முழுக்கப் பரவிவிட்ட நோய் ஆகியவற்றை இதனால் குணமாக்க முடியாது. 'ஒளி சிகிச்சையில் புற்றுநோய் குணம்' என்று எங்காவது விளம்பரம் பார்த்தால், எந்த வகைப் புற்றுநோய்க்கு, எந்தக் கட்டத்தில் என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேட்ட பிறகே முடிவு எடுக்க வேண்டும். கையில் இருக்கும் சிகிச்சையை நிறுத்திவிட்டு இதற்குப் போவது ஆபத்து.

ஃபின்செனின் விளக்குக்கும் காலம் முடிந்தது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் தொடங்கி காசநோய் மருந்துகள் வந்தன. வெயில், காற்று, ஓய்வு என்று மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வைக்காமல், வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் நுரையீரல் காசநோய் அதே அளவுக்குக் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வுதான். அதன் முடிவு 1959-ல் வெளியானது. இன்று தோல் காசநோய்க்கும் மாத்திரைதான்.

ஆனால், வெளிச்சத்தை ஒரு மருந்து போல அளவு பார்த்துக் கொடுக்கலாம் என்கிற அவருடைய எண்ணம் போகவில்லை. மஞ்சள் காமாலையோடு பிறந்த குழந்தையை அரசு மருத்துவமனையில் நீல விளக்கின் கீழ் படுக்க வைப்பதும் அந்த வழியில் வந்ததுதான். கோபன்ஹேகனில் அவர் பெயரில் உள்ள ஃபின்சென் ஆய்வுக்கூடம் இப்போது செய்வது புற்றுநோய் ஆராய்ச்சி. அந்த நகரத்தின் பெரிய மருத்துவமனை அருகே, 1909-ல் அவர் நினைவாக வைத்த சிலையில் ஃபின்செனின் முகம் இல்லை. ஒரு ஆணும் இரண்டு பெண்களும் சூரியனை நோக்கி நிமிர்ந்து பார்க்கும் சிலை அது. அதன் பெயர் 'ஒளியை நோக்கி'.